மூன்று பத்து

ஐந்து வயசு நாய்க்கு
யார் போய் மூத்திரம் படிப்பிக்க?

டாலி வந்த பதினோராம் நாள்
அடுக்களை வாசலில் தொடங்கி
பிரிட்ஜின் அடிவரை ஓடியிருந்தது.
தரை வடக்கே சரிகிறது என்பதை,
வீடு பால்காய்ச்சி ஒன்பது வருஷம் கழித்து,
அவள்தான் கண்டுபிடித்துத் தந்தாள்.

பினாயில் ஊற்றித் துடைத்தேன்.
அந்த மணத்தின் மேலேயே மறுநாளும்.
மார்த்தாண்டத்து மிருக டாக்டர்
கல் இல்லை, சர்க்கரை இல்லை என்றார்.
பினாயிலை விடுங்க, வினாகிரி ஊற்றுங்க,
பினாயில் வாசம் அதுக்கு
இன்னொரு நாய் விட்டுப்போன விலாசம் என்றார்.

ஜஸ்டஸ் தோகாவிலிருந்து
"பட்டியைப் பிடிச்சு வெளிய கெட்டு" என்றார்.
கெட்டினேன். அவள் போட்ட ஊளையில்
மூன்று வீட்டில் லைட் எரிந்தது.

எட்டு மணிக்குமேல் வெள்ளம் கிடையாது.
பத்தரைக்கு ஆயினி மூட்டில் கொண்டுபோய்
கொசுவுக்கு என் காலைக் கொடுத்து நின்றேன்.
போனாள். நல்லாத்தான் போனாள்.
விடிந்தால் குளம்.

ஒரு காரியம் மட்டும் இடறியது.
துலாமழை கொட்டிய மூன்று ராத்திரி
தரை காய்ந்து கிடந்தது.
நனையத் தயங்குகிற நாய்
அன்றைக்கல்லவா உள்ளே போகணும்?

தாசையன் மாமாவின் நாய்.
குலசேகரத்தில் எங்களுக்கு மேலத்த வீடு.
முட்டு ஆபரேஷன் முடிந்து
திருவனந்தபுரத்தில் மகளின் பிளாட்டுக்குப் போனார்,
நாலாம் மாடி, நாய்க்கு அனுமதி இல்லை.
தினமும் போனில் ஒரு வசனப்படம் அனுப்புவார்.
ரோஜா, புறா, ஆட்டுக்குட்டி.
திறக்காமல் கிடந்ததையெல்லாம்
கையில் துடைப்புத்துணியோடு அன்று திறந்தேன்.
படத்துக்குக் கீழே நேரம்:
மூன்று பத்து. மூன்று எட்டு.
மூன்று பத்து. மூன்று பதினொன்று.

பால்வெட்டு.
நெற்றியில் விளக்கு கட்டி
முப்பது வருஷம் மூன்று மணிக்கு இறங்கின ஆள்.
முதல் மரத்தில் அவர் கத்தி வைக்கும்போது
அடுத்த மூட்டில் இவள் குந்தியிருப்பாள்.
மழையென்றால் வெட்டு இல்லை,
இரண்டு பேரும் இழுத்துப் போர்த்தித் தூங்குவார்கள்.
படியாத நாய் என்று
நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன்.

இரண்டு ஐம்பதுக்கு அலாரம் வைத்தேன்.
திட்டு இல்லை, கொஞ்சல் இல்லை, முற்றத்து லைட்கூட இல்லை.
ஆயினி மூடு.
முடிந்ததும் ஒரு துண்டு அவித்த மரச்சீனி.
திரும்ப உள்ளே.
நாலு நாள் தரை காய்ந்தபின் மூன்று ஐந்து.
அப்புறம் மூன்று இருபது.
மூன்று முப்பத்தைந்தில் சறுக்கினோம்
(அலாரத்தை அமுக்கித் தூங்கினது நான்).
மறுபடி மூன்று ஐந்திலிருந்து.
கிறிஸ்துமஸ் ஸ்டார் கெட்டும்போது நாலு.
ஸ்டாரை அவிழ்க்கும்போது ஐந்தேகால்.

மாமா கூப்பிட்டார்.
"மூணு மணிக்கு எழும்புறாளா?"
எதைச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம் என்று
தெரியாமல் கொஞ்சம் விழித்தேன்.
"இப்போ அஞ்சேகாலுக்குத்தான், மாமா."
"கொள்ளாம். உறங்கட்டு."
லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.
"எனக்குத்தான் இங்க
யாரும் அலாரம் வச்சுத் தரல்ல."

இன்றைக்கும் போன் மினுங்கியது. புறா.
விழித்துத்தான் கிடந்தேன்,
எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.
எழும்பிப் போய் வெறுங்காலால்
பிரிட்ஜ் பக்கம் வரை தடவிப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
டாலி ஒரு கண்ணைத் திறந்து,
நான்தான் என்று கண்டு, மூடிக்கொண்டாள்.

முதல்தடவையாக அவருக்குப் பதில் எழுதினேன்:
நாளைக்கு
மூணு இருபத்தஞ்சுக்கு அனுப்புங்க, மாமா.