முப்பத்தெட்டாம் இலக்கம்

கைப்பட்டியைக் காற்றூதி இறுக்கிவிட்டு
டாக்டர் ரோஸ்விதா கேட்டது
உப்பைப் பற்றி அல்ல.
"படுக்கையில் இருந்து பார்த்தால்
யன்னலில் என்ன தெரியும்?"

சுவர், என்றேன்.
பிறகு நேர்மைக்காகச் சேர்த்துக்கொண்டேன்:
சுவரில் ஒரு புகைக்குழாய்.

நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றிரண்டு என்று
எழுதினார். குளிசையும் எழுதினார்.
அதற்குக் கீழே
எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத ஒன்று:
நாளுக்கு ஒரு மரம், இருபது நிமிடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இரவு பத்திலிருந்து விடியல் ஆறு வரை
பொதிகளைத் தபால் இலக்கப்படி பிரிக்கிறவள் நான்.
பாதிப் பெர்லினின் கதவெண் எனக்கு மனப்பாடம்.
ஒரு மரத்தின் பெயரும் தெரியாது.

நொய்கோல்னில், எங்கள் தெருவில்,
மரங்களுக்கும் இலக்கம் உண்டு.
தண்டில் ஆணியடித்த சின்னத் தகடு.
சுரங்க ரயில் படியேறி வந்தால்
முதலில் நிற்பது முப்பத்தெட்டு.
அடியில் சில்லில்லாத ஒரு சைக்கிள்,
யாரோ வீசிய மெத்தை.

ஒரு மரத்தோடு இருபது நிமிடம்
என்னதான் செய்வது?
முதல் நாள் கைபேசி பார்த்தேன்.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் அதில் சார்ஜ் இல்லை.

ஊர் ஞாபகம் வந்ததா என்று கேட்காதீர்கள்.
வரவில்லை.
எறும்பு வந்தது.
தன்னைவிடப் பெரிய ஈயிறகைத் தூக்கிக்கொண்டு
பட்டை வெடிப்பில் மாட்டுப்பட்டு,
பின்வாங்கி, வேறு வழி பிடித்து...
பார்த்து முடிய ஏழு மணி நாற்பது.
அன்று பகல்
ஐந்து மணித்தியாலம் ஒரே மூச்சாய்த் தூங்கினேன்.

ஜூலையில் மழையே இல்லை.
ஞாயிறுகளில் தார் இளகும் மத்தியானம்
அந்த மரத்தின் நிழலில் மட்டும்
ஒரு நாய், ஒரு தபால்காரி, தள்ளுவண்டிக் குழந்தை.
நிழல் நகர அவர்களும் நகர்ந்தார்கள்,
யாரும் யாரோடும் கதைக்காமல்.
இலையோ
இரண்டு மாதம் முந்தியே உதிரத் தொடங்கிற்று.

மூலையில் பச்சை இரும்பு அடிபம்பு,
எந்தக் காலத்திலோ நட்டது.
கைப்பிடி கத்திய கத்தில்
மூன்றாம் மாடி யன்னல் திறந்து
உள்பனியனோடு ஒருவர் ஏசினார்.
காலை ஆறரை. அவர் பக்கமும் நியாயம்.
மூன்று வாளி.
காய்ந்த மண் முதலில் வேண்டாம் என்றது,
தண்ணீரை மேலேயே உருட்டிவிட்டது,
பிறகு
கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்தவர்
யாரும் பார்க்காதபோது சாப்பிடுவதுபோல
மெல்ல உறிஞ்சிற்று.

காரெல்லாம் பிசுபிசுக்கிறது, வெட்டுங்கள் என்று
நகரசபைக்கு எழுதியவரும் அவர்தான்,
ஹெர் புட்கெரைட்.
பரிசோதகர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.
ரப்பர்ச் சுத்தியலால் தண்டைத் தட்டிக்
காது வைத்தார்.
நாடாவைச் சுற்றி இறுக்கினார்.
என் புஜம் இறுகியது.

"உள்ளே கொஞ்சம் பொந்து. தாங்கும்.
இரண்டு வருடத்தில் திரும்பப் பார்ப்போம்."
என்ன மரம் இது, என்றேன்.
லிண்டன், என்றார்,
பெயர் தெரியாமலா தண்ணீர் ஊற்றினாய் என்ற பார்வையோடு.
பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத்
தோடம்பழம் உரித்து நீட்டுகிறவள்
பெயர் கேட்டா நீட்டுகிறாள்?

மரம் என்னைக் குணமாக்கிற்று என்று சொல்லமாட்டேன்.
குளிசை இன்னும் உண்டு. பாதி.
நூற்று முப்பத்தாறு.
மேற்பார்வையாளர் குரல் உயர்த்திய இரவுகளில்
நாற்பத்தொன்று, நாற்பத்தைந்து.
படுக்கையில் இருந்து பார்த்தால்
இப்பவும் சுவர்தான்.

நேற்று விடிய வாளியோடு போனேன்.
பம்பு கத்தவில்லை.
கைப்பிடி மூட்டில் யாரோ
கருகருவென்று கிறீஸ் பூசியிருந்தார்கள்.
நிமிர்ந்து பார்த்தேன்:
மூன்றாம் மாடி யன்னல் சாத்தியிருந்தது.

அன்பினால் இருக்காது.
தூக்கத்துக்காகத்தான் பூசியிருப்பார்.

நானும் அதற்காகத்தான்.