பூண்டு சேர்க்காத வீடு

மந்தைவெளியில் மாடி அறை.
வாடகை எட்டாயிரம், முன்பணம் ஐந்து மாதம்,
பூண்டு வெங்காயம் கூடாது.
மூன்றாவதன் அடியில் மட்டும்
பென்சிலால் கோடு போட்டிருந்தார் பத்மலோசனி அம்மாள்.
எனக்குச் சமைக்கத் தெரியாது.
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தரமணியில் பகல் முழுக்க
பிஸ்மத்தும் டெல்லூரியமும்.
பார்த்தால் வெள்ளி, தட்டினால் அப்பளம்.
உருக்கி மெல்ல உறையவைத்த கட்டியில்
ஐந்தைந்து அணுவரிசைகளாய்
ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கும்.
அடுக்குக்குள்ளே அவ்வளவு இறுக்கம்.
அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே
ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும்
பேசாத குடித்தனங்களின் உறவு.
மில்லிமீட்டர் கால்களாக அறுக்கப் போனால்
கம்பி படும் முன்பே பிளந்துகொள்ளும்.

அதனால் அரைக்கிறோம்.
ஆர்கான் நிரப்பிய ஜாடியில் எஃகுக் குண்டுகள் உருள
எட்டு மணி நேரம்.
"இந்தச் சத்தம் கேட்டா எனக்கு இட்லி ஞாபகம் வருது"
என்பான் ஹனீஃபா.
பொடியை கிராஃபைட் அச்சில் கொட்டி
அழுத்தி, மின்சாரம் பாய்ச்சி
நானூறு டிகிரியில் ஐந்து நிமிடம்.
உருகிவிடக் கூடாது.
தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் ஒட்ட வேண்டும்.

திறந்தால் சாம்பல் நிற வில்லை,
பழைய ஒரு ரூபாய் அளவு.
உள்ளே துகள்கள் கண்ட திசையில் கிடக்கின்றன.
விரிசல் ஒன்று கிளம்பினால்
ஒவ்வொரு எல்லையிலும் திரும்பி, வழி விசாரித்து,
பாதியில் களைத்துப்போகிறது.
சூடும் அங்கேதான் முட்டிச் சிதறுகிறது.
எலெக்ட்ரான்களுக்கும் கால் தடுக்கத்தான் செய்கிறது.
மார்ச்சில் கடினம் கூடி, கடத்தல் விழுந்தது.
ஏப்ரலில் கடத்தல் ஏறியது, வில்லை உதிர்ந்தது.
மே ஒன்பதாம் தேதி இரவு
வைரமுனை பதித்த சதுரத்தின் நான்கு மூலையிலும்
விரிசல் இல்லை.
சொல்ல ஆளில்லாமல்
வாசல் காவலர் தணிகைவேலிடம் சொன்னேன்.
"சரிங்க மேடம், லைட்டை அணைச்சிட்டீங்களா?"

அந்த வாரத்தில் எப்போதோ
கையுறைப் பெட்டி ரப்பரில் ஒரு ஊசித்துளை.
இம்மி அளவு டெல்லூரியம் உள்ளே போனால் போதும்,
உடம்பு அதைப் பூண்டாக்கி மூச்சில் விடும்.
பறக்கும் ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண்
கைப்பையோடு எழுந்து கதவோரம் போனாள்.
கீழே கேட்டருகில் பத்மலோசனி அம்மாள்
மூக்கை முந்தானையால் தொட்டார்.
"என்ன சாப்பிட்ட?"
"ஐம்பத்திரண்டாம் தனிமம்" என்றேன்.
"படிச்ச பொண்ணு. பொய் வேற."

சனிக்கிழமை இரவு கரண்ட் போனது.
தெருவே கைவிசிறியோடு வெளியில்.
பழுதென்று ஒதுக்கிய எங்கள் தகடு ஒன்று என் பையில் இருந்தது,
நூற்றிருபத்தேழு ஜோடிக் கால்களுடன்.
அவருடைய சமையலறை வாசலில் நின்று கேட்டேன்:
கொஞ்சம் ஐஸ், கொஞ்சம் கொதிநீர்.
உள்ளே விடவில்லை.
பித்தளைச் சொம்பில் கொதிநீரும்
எவர்சில்வர் தட்டில் ஐஸும்
வாசல்படியில் வந்தன.
நடுவில் தகடு. ஒயர் நுனியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு.

எரிந்தது.

"பேட்டரி எங்க?" குனிந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
"இல்ல. மேல சூடு, கீழ குளிர், அவ்வளவுதான்."
சொன்னபோது என் மூச்சும் அவரிடம் போனது.
நிமிரவில்லை.
எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து
விளக்கை விரலால் மூடி, சிவந்த நகத்தைப் பார்த்தான்.

பத்து நிமிடத்தில் ஐஸ் கரைந்தது.
சொம்பும் தட்டும்
மே மாத மந்தைவெளியின் சூட்டுக்கு வந்து சேர,
விளக்கு மங்கி, இருந்து, போனது.
அவரே எழுந்து போய்
இன்னொரு தட்டு ஐஸ் கொண்டுவந்தார்.

மாதக் கடைசியில் காலி பண்ணச் சொன்னதை
அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை.
வாசம் போக மூன்று வாரம் ஆகும் என்கிறான் ஹனீஃபா.
இன்று தேதி பதினெட்டு.
அறுத்துவைத்த கால்களில் பதினொன்று உடையவில்லை.