இருபத்தெட்டாம் நாள்

பெரியாஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி அறைக்கு
எண் பதினொன்று.
எனக்கு அங்கே ஆறு வருஷம்.
வேலை முடிந்தால் ஏ.வி. பாலம் வழியாகச் செல்லூருக்கு நடை,
நடுப்பாலத்தில் கொஞ்ச நேரம்
தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்து நிற்பது,
சும்மா.

கேட்க வேண்டியவை அச்சடித்தே இருக்கின்றன.
வளர்ப்பா, தெருவா. நிறம். கடித்த இடம்.
பத்து நாள் கழித்தும் அந்த நாய்
உயிரோடு இருக்கிறதா.

சோணைமுத்து, ஐம்பத்திரண்டு, கீழவளவு.
பூட்டிக் கிடக்கும் கல்குவாரிக்கு இரவுக் காவல்.
வெட்டிய பள்ளத்தில் பனைமர ஆழம் பச்சைத் தண்ணீர்.
கல்லே இல்லாத இடத்தில் என்ன காவல் என்றேன்.
"யாரும் விழுந்துறக் கூடாதுல்ல."

வலது கெண்டைக்காலைத் திருப்பிக் காட்டினார்.
பல் பதியவில்லை. ரத்தமில்லை.
இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல்
நான்கு விரல் அகலம் கருகல்.

நிறம்?
"கருப்புன்னு எழுதிக்கங்க.
ஆனா கருப்பு இல்ல.
அந்த எடத்துல மட்டும் ராத்திரி
கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு."
உயரம் நான் கேட்கவில்லை,
அவராகவே இடுப்புக்கு மேல் கை வைத்தார்.
கண்?
"ரெண்டு டீக்கடை அடுப்பு."

எட்டிப் பார்த்த பயிற்சி டாக்டர் ஜெபக்கனிக்கு
அண்ணன் இங்கிலாந்தில், கிழக்குக் கடலோரம்.
அந்தப் பக்கம் ஒரு தேவாலயக் கதவில்
கருகிய நகக்கீறல் இருக்கிறதாம்,
இடிமழை நாளில் உள்ளே புகுந்த கருநாயின் தடமென்று சொல்கிறார்களாம்.
பார்த்தவர் அந்த வருஷம் தாண்டமாட்டார்;
ஆனால் வேறு சில ஊர்களில் அதே நாய்
இருட்டில் தனியே போகும் பெண்ணுக்கு
வீடு வரைக்கும் துணை வருமாம்.
"இது எந்த ஊர் நாயின்னு கேளு" என்றேன்.
நாங்கள் சிரித்தோம்.
சோணைமுத்து சிரிக்கவில்லை.
"வைரவர் வாகனம்னு சொல்றா எங்க வீட்ல.
அப்படின்னா எதுக்குக் கடிக்கணும்?"

விதி விதிதான்.
இரண்டு புஜத்திலும் ஊசி.
அட்டையில் நாலு தேதி:
இன்று, மூன்று, ஏழு, இருபத்தெட்டு.

மூன்றாம் நாள். நாய்?
"பஸ்ல ஏறல.
மாட்டுத்தாவணியில நான் எறங்கறப்ப
எனக்கு முன்னாடி நிக்கிது."

ஏழாம் நாள் சட்டைப்பையில் பொறை வைத்திருந்தார்.
"திங்கல. மோந்து பாத்துச்சு."
பஞ்சை அழுத்திக்கொண்டு, சுவரிடம் சொல்வதுபோல்,
"அன்னிக்கு நான் பள்ளத்து வெளிம்புல நின்னுக்கிட்டிருந்தேன்.
சும்மாத்தான்" என்றார.
தண்ணீரைப் பார்த்து நிற்பவனின் கெண்டைக்காலை
எந்தப் பக்கமிருந்து கவ்வ முடியும்?
அதற்குக் கட்டம் இல்லை படிவத்தில்.

பத்தாம் நாள் போன் போட்டேன்.
நாய் உயிரோடு இருக்கிறதா?
"அது என்னிக்கிங்க உயிரோட இருந்துச்சு."
கொஞ்சம் இடைவெளி, பின்னால் தவளைச் சத்தம்.
"ஆளு இருக்கானான்னு
அந்தத் தாள்ல கேள்வி இல்லையா?"
பேனாவைத் தேடுவதுபோல் தேடினேன்.
இருக்கீங்களா, என்றேன்.
"இருக்கேன்."

இருபத்தெட்டு.
மதியத்திலிருந்து மழை.
நாலு மணிக்கு அறை காலி.
ஐந்துக்கு வாட்ச்மேன் சாவியை ஆட்டினான்.
இன்னும் ஒருத்தர் என்றேன்.
ஐந்தரைக்கு, நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே
வந்து உட்கார்ந்தார்.
கருகல் இருந்த இடத்தில் புதுத்தோல், குழந்தைத் தோல்.

நாய்?
"நாலு நாளாக் காணோம்."
என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.
போகும்போது மேசையில் பொறைப் பொட்டலம்.
"எனக்கு இனி வேணாம். நீங்க வச்சுக்கங்க."

அன்றிரவு பாலத்தில் விளக்குகள் அவிந்திருந்தன.
வைகையில் அபூர்வமாகத் தண்ணீர்,
மதுரையின் சாக்கடையெல்லாம் சேர்ந்து
பெருமையாய்ப் போய்க்கொண்டிருந்தது.
கைப்பிடிச் சுவரில் வயிறு பட நின்றேன்.

வலது கெண்டைக்காலில்
அடுப்புத் திறந்தாற்போல் மூச்சு.

நிறம் பார்க்கவில்லை.
பொட்டலத்தைப் பிரித்தேன்,
செல்லூர்ப் பக்கம் நடந்தேன்.