முக்கோணத்தைத் திறந்தபோது

கசவனஹள்ளியில் மூன்று வீடுகளுக்கு
இன்று பால் போகவில்லை.
ஒரு வீட்டில் கைக்குழந்தை என்று
புகாரில் எழுதியிருந்தது.

இரவு பதினொன்றேகால், பெல்லந்தூர்.
கண்ணாடிக்கு வெளியே ரிங் ரோடு
சிவப்பு விளக்குகளோடு அப்படியே நிற்கிறது.
கோடு முழுக்க நான் போட்டு வைத்திருந்தவை:
'இங்கே'
'இங்கே 2'
'வந்துடுச்சு'
'அய்யோ'
'அய்யோ அய்யோ'
கன்சோலில் நானூறு வரி ஓடி முடிந்தபின்
எந்த அய்யோ எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியவில்லை.

சைத்ரா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
வெறும் மதிப்பை அச்சிடாதே,
நெளி அடைப்புக்குறிக்குள் போடு,
தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வரும்.
வந்தது.
பட்டியலை டேபிளாக விரி என்றாள்.
நீலப் பாக்கெட் ஒன்று, தயிர் ஒன்று,
கட்டத்துக்குள் அடக்கமாக உட்கார்ந்தன.

அடுத்த வீட்டு ஆர்டரில்தான் அது.
வெளியே இரண்டு என்று எழுதியிருக்கிறது.
பக்கத்துச் சின்ன முக்கோணத்தை அழுத்தினால்
உள்ளே ஒன்றுமில்லை.

'அது அப்போதைய கூடை இல்லை,
நீ திறக்கிற நேரத்துக் கூடை.
கன்சோல் போட்டோ எடுக்காது,
விரல் நீட்டிக் காட்டும், அவ்வளவுதான்.
அப்போது இருந்தது வேண்டுமென்றால்
அப்போதே நகல் எடுத்திருக்கணும்.'

எடுத்தேன். நகலில் இரண்டும் இருந்தன.
அப்படியானால் அனுப்புவதற்குள்
யாரோ கூடையைக் கவிழ்த்திருக்கிறார்கள்.
கவிழும் இடத்தில் ஒரு ட்ரேஸ்.
யார் கூப்பிட்டு யார் வந்தார்களென்று
மேலிருந்து படிப்படியாக இறங்கினேன்.
மூன்றாம் படியில் ஒரு ஃபங்ஷன்.
மார்ச்சில் எழுதியது.
எழுதியவர் பெயர் என்னுடையது.

சைத்ரா சிரிக்கவில்லை.
அதற்காகவே அவளுக்கு ஒரு டீ கடன்.

வண்டியில் வரும்போது போனைத் திறந்தேன்.
ஜூலையில் அவன் அனுப்பிய இரண்டே சொல்:
'சரி, போ.'
அன்று அதற்குள் ஏதோ இருந்தது,
இரவெல்லாம் அழுதிருக்கிறேன்.
இப்போது திறந்தால்
ஒரு கால்புள்ளி மட்டும் தெரிகிறது.

நாலே முக்காலுக்கு மூன்று வீட்டுக்கும் பால் போனது.
போட்டதையெல்லாம் அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
ஒன்று தப்பியிருக்கிறது.
ஊர் முழுக்க, யாரும் திறந்து பார்க்காத கன்சோல்களில்,
ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தடவை
சன்னமாக
அய்யோ.