யாரும் விழவில்லை

கான்வி தீவில், கடல்தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம்,
எங்கள் கராஜில் மூன்று வாரமாக ஒரு ஜெட் ஸ்கீ.
முந்நூறு பவுண். என்னைக் கேளாமல் வாங்கியவர் நிரோஜன்.
"சின்னப் பிழைதானாம்" என்றார்.
எது பிழையென்று விற்றவர்களும் சொல்லவில்லை,
இவரும் கேட்கவில்லை.
தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வண்டி. இரண்டு சிலிண்டர்.
ஊதா நிறம் வெளுத்து
ஆறிவரும் கன்றல் காயம்போல் இருந்தது.

பட்டனை அழுத்தினால் சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.

பிளக் இரண்டையும் கழற்றினேன். ஈரம், பெற்றோல் மணம்.
அரிசி உலையில் கிடக்கிறது, அடுப்புத்தான் பற்றவில்லை.
பிளக்கின் கழுத்தை என்ஜின் தலையோடு ஒட்ட வைத்து
லைட்டை அணைக்கச் சொன்னேன்.
இருட்டில் அவர் பட்டனை அழுத்த
ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத இடைவெளியை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கலியாணமாகிப் பதினொரு வருடத்தில்
இவ்வளவு நேரம் ஒரே இடத்தைப் பார்த்ததில்லை.

ஒன்றும் வரவில்லை.

மீற்றரை எடுத்தேன்.
கொயில் சரி.
ஸ்டேட்டர் புத்தகம் சொன்ன எண்ணுக்கு இரண்டு ஓம் தள்ளி;
அக்டோபர் குளிர் என்று மன்னித்தேன்.
பிளக் வயரின் நுனியில் பச்சை பூத்திருந்தது.
அரை அங்குலம் வெட்டி, மூடியைத் திரும்பத் திருகினேன்.
எர்த் வயரின் ஆணியைச் சுரண்டிச் சுரண்டி
விரல்நகத்தில் உப்பு ஏறியது.
மறுபடி லைட்டை அணை.
மறுபடி இருட்டு மட்டும்.

விற்ற டெனீஸுக்குப் போன் எடுத்தேன். எப்போது நின்றது?
"ரோய் ஒருதரம் விழுந்தார்" என்றாள்.
"ஒன்றும் ஆகவில்லை. நீந்தி வந்து, தேநீர் குடித்து,
கிரிக்கெட் பார்த்தார். அதற்குப் பிறகு
அது கிளம்பவேயில்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.
பதினாறு வருடமாக லிஃப்ட் திருத்துகிறவள் நான்.
கதவு திறந்திருக்கிறதென்று நம்பிவிட்ட லிஃப்ட்
மூடிய கதவுக்குப் பின்னால் நாள்முழுக்க நிற்கும்.
மோட்டாரைத் திட்டிப் பயனில்லை;
நம்பிக்கை எங்கே சிக்கியிருக்கிறதென்று தேட வேண்டும்.

கைப்பிடியோரம் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு.
ஒரு நுனி ஓட்டுகிறவரின் மணிக்கட்டில்,
மறுநுனி சுவிட்சில்.
ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கும், பொறி சாகும்,
வண்டி ஆளை விட்டுவிட்டு ஓடாது.

சுவிட்சைப் பிளந்தேன். உள்ளே உப்பு,
இரண்டு தகடும் ஒன்றையொன்று விடாமல்.
இரண்டு கோடையாக இந்த வண்டி
தண்ணீரில் விழுந்த ஒருவருக்காகக் காத்திருக்கிறது.
அவர் கரையேறிவிட்டார் என்று
அதனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த இரு வயர்களையும் கழற்றினேன். லைட்டை அணைத்தோம்.
டிக். டிக்.
நீலம். ஊசிமுனையளவு. வெல்டிங் பொறியின் கடைக்குட்டி.
"பார், பார்" என்றார் நிரோஜன்,
நான் பார்க்காதவள்போல.

பிளக்குகளைத் திரும்பப் பூட்டி முடிப்பதற்குள்
அவர் விரல் பட்டனில்.
கராஜ் முழுக்கப் புகை. தகரக்கதவு நடுங்கியது.
"காணும், நிற்பாட்டும்!" என்று கத்தினேன்.
அவர் சிவப்புப் பட்டனைக் குத்தினார். குத்தினார்.
நிற்குமா?
நிற்பாட்டும் வயரைக் கழற்றி
நானல்லவா கையில் வைத்திருக்கிறேன்.

தண்ணீரில்லாமல் பதினைந்து விநாடிக்கு மேல் ஓடினால்
என்ஜின் வெந்துபோகும்.
சோக்கை முழுசாக இழுத்தேன்.
இருமியது, விக்கியது, செத்தது.
மிஸ்டர் ஹாலெட் வீட்டு மாடியில் வெளிச்சம் வந்து
கொஞ்ச நேரம் நின்று போனது.

"அந்தச் சுவிட்ச் இல்லாமலும் ஓடுது தானே" என்றார்
நீந்தத் தெரியாத என் கணவர்.

புதிய சுவிட்சுக்குச் சொல்லியிருக்கிறேன்.
முப்பத்தெட்டுப் பவுண், வியாழன் வரும்.
நீச்சல் வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்,
அவருடைய பெயரை.
அது செவ்வாய்.