அனைத்தையும் மாற்று

ராஜி போனில் அதிகம் பேசவில்லை.
"பேரை மட்டும் எடுத்துடு.
மத்ததெல்லாம் நடந்ததுதானே, இருக்கட்டும்."
பின்னால் அவள் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம்
ஓடிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாள்.

எட்மன்டனில் அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
வண்டியின் எஞ்சின் உறையாதிருக்க
வெளிச்சுவர் பிளக்கில் வயரைச் சொருகிவிட்டு வந்து
மடிக்கணினியைத் திறந்தேன்.
நாவல்_கடைசி. நாவல்_கடைசி_2. நாவல்_இதுதான்_கடைசி.
எதையும் மூன்று இடத்தில் நகல் வைப்பவன் நான்.
கருப்புத் திரை, பச்சை எழுத்து, வேறு அலங்காரம் கிடையாது.

தேடு: ராஜி.
மாற்று: வத்சலா.
நானூற்றுப் பன்னிரண்டு இடம் என்றது.
ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை.

தேநீரோடு படிக்க உட்கார்ந்தேன்.
ஒன்பதாம் அத்தியாயம், ஓட்டல் சலவை அறை.
நானும் அவளும் மேலாளர் மேசையில்
வத்சலானாமா கடிதங்களை வைக்கிறோம்.
சிரித்துவிட்டேன், ஆளில்லாத அடுக்களையில், சத்தமாக.
அடுத்த பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும்
மூன்று மாதச் சண்டைக்குப் பிறகு
வத்சலாயானார்கள்.

அப்புறம்தான் மற்றவை கண்ணில் பட்டன.
வத்சலாயை. வத்சலாயின். வத்சலாயிடம்.
இகரத்துக்குப் பின் யகரம்,
ஆகாரத்துக்குப் பின் வகரம்:
எட்டாம் வகுப்பில் உடம்படுமெய்க்கு நான் வாங்கிய
இரண்டு மதிப்பெண்கூட இந்த மென்பொருளுக்குத் தேறாது.
பெயர் போயிருந்தது.
பெயரை ஒட்டியிருந்த பசை போகவில்லை.

கண்ட்ரோல் இசட்.
ஒரே தட்டில் நானூற்றுப் பன்னிரண்டு ராஜிகள்
எழுந்து நின்றார்கள்.
சூடான துவாலைகளை மடித்தபடி,
பனியில் பேருந்துக்கு ஓடியபடி,
எனக்கும் சேர்த்துச் சோறு கட்டியபடி,
என்னோடு பேசாமல்.
அவளை இப்படி மொத்தமாக நான் பார்த்ததே இல்லை.
கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.
பிறகு கண்ட்ரோல் ஒய்.

ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்த வேண்டும்.
யகரத்தை அழி, வகரத்தை இடு. அடுத்தது.
யகரத்தை அழி.
மணி மூன்றுக்கு மீண்டும் அந்தச் சலவை அறை.
ராஜினாமா என்று அடித்தேன்.
அந்தச் சொல்லிலிருந்து அவளை எடுக்க
எந்தப் பொத்தானும் இல்லை.

கடிதங்கள் என்று இருந்தது.
நடந்தது ஒரு கடிதம்தான்.
சேர்ந்து கொடுப்பதாகப் பேசினோம்,
என்னுடையது கோட்டுப் பைக்குள்ளேயே
சலவைக்குப் போய்க் கூழானது.
இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான்
'நடந்ததுதானே' என்றிருக்கிறாள்.

'கள்'ளை அழித்தேன்.
'வைக்கிறோம்' என்பதை 'வைக்கிறாள்' ஆக்கினேன்.
முன்னால் நின்ற 'நானும்' என்ன செய்வதென்று தெரியாமல்
அங்கேயே நின்றது.

ஐந்தரைக்குள் நூற்றெழுபது முடிந்தது.
சேமித்தேன், மூன்று இடத்தில்.
வெளியே போய் வயரைக் கழற்றிச் சுருட்டி
வேலைக்குக் கிளம்பினேன்,
அதே ஓட்டலுக்கு.