எதிர் மேடை

கோட்டைக்குப் போகிற கோச்சி
வெள்ளவத்தையில் கடல் பக்க மேடைக்குத்தான் வரும்.
சாய்தளம் போட்டிருப்பது காலி வீதிப் பக்கம்.
நடுவில் இரண்டு சோடித் தண்டவாளம்,
மேலே வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம்.
முப்பத்தெட்டுப் படி.

ஆகவே வடக்கே போக
நான் முதலில் தெற்கே போகிறேன்.

ஆறு ஐம்பதுக்குக் கார்ட் பலகை போடுவார்,
உடைந்த மூன்றாம் வகுப்பு இருக்கையின் பலகை.
கல்கிசையில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.
பெட்டி கூட்டுகிற தும்புத்தடி
என் சில்லுகளைச் சுற்றிக்கொண்டு போகும்.
பிறகு அதே பெட்டி
பின்பக்கத்தை முன்பக்கமாக்கித் திரும்பும்.

ஏழு இருபத்தைந்துக்கு மறுபடியும் வெள்ளவத்தை.
நான் வெளிக்கிட்டபோது படுக்கையில் கிடந்தவர்கள்
தலை காயாமல் ஓடிவந்து ஏறுவார்கள்.
எதிரே என் சாய்தளம்.
அதில் ரம்புட்டான் கூடை ஏறும்,
இரட்டைப் பிள்ளைகளின் தள்ளுவண்டி ஏறும்,
முழங்கால் நோவோடு பியரத்ன முதலாளி ஏறி
நின்று மூச்சு வாங்குவார்.

போன மாசியில் பொறியியலாளர் ஒருவர் வந்திருந்தார்.
படிகளை எண்ணினார்.
கைபிடியைத் தட்டினார், துரு கொட்டியது.
"நாளைக்கு எத்தனை பேர் இப்படி?"
ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்தார்.
"எக்கெனய், சேர்."
ஒன்று என்று எழுதிக்கொண்டார்.
ஹம்டன் லேன் மூன்றாம் மாடியை விட்டு
இரண்டு வருடமாய் இறங்காத சிவகௌரியை எழுதவில்லை.
பொய்க்காலோடு பஸ் மிதிபலகையில் தொங்குகிற
நிஹ்மத்தையும் எழுதவில்லை.
ஒரு ஆளுக்கு
ஒரு பக்கம் போதும் என்று கணக்கு வந்திருக்கும்.
மற்றப் பக்கம் அடுத்த வருடமாம்.

பின்னேரம் கரைச்சலில்லை,
வீட்டுப் பக்கத்திலேயே இறக்கிவிடும்.
(கோட்டையின் லிஃப்ட் பற்றி
இன்னொரு நாள் சொல்கிறேன்.)

சீசன் எடுக்கப் போனேன்.
எங்கிருந்து எங்கே, என்றார் கவுண்டரில்.
வெள்ளவத்தையிலிருந்து கோட்டை, கல்கிசை வழியாக.
நிமிர்ந்து பார்த்தார்.
அப்படியொரு பாதை கம்ப்யூட்டரில் இல்லை.
பின்னால் வரிசை இருமியது.
கல்கிசை – கோட்டை என்று
அடித்துத் தந்தார்.

மூன்று மாதமாய், ரயில்வேயின் கணக்கில்
நான் கல்கிசையில் குடியிருக்கிறேன்.
கடல் தெரிகிற வீடு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.
வாசலில் படி இல்லை.